வரைந்தவரும் இழைத்தவரும்: ஃபின் யூலின் ‘சீஃப்டன்’ நாற்காலி – ஒரு நிகழ்வு ஆய்வு

1949-ஆம் ஆண்டு கோபன்ஹேகன் தச்சர் சங்கத்தின் வருடாந்திரக் கண்காட்சியில் இரண்டு நாற்காலிகள் முதன்முதலாகப் பொதுமக்கள் கண்ணில் பட்டன. ஒன்று, யோஹானஸ் ஹான்சன் பட்டறைக்காக ஹான்ஸ் வெக்னர் வரைந்த வட்டமுதுகு நாற்காலி. இன்னொன்று, நீல்ஸ் வோடர் பட்டறைக்காக ஃபின் யூல் வரைந்த ‘சீஃப்டன்’ (குலத்தலைவன்) சாய்வு நாற்காலி. வெக்னருடையது சின்னது, அடக்கமானது. பதினொரு ஆண்டு கழித்துக் கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியில் விவாதித்தபோது உட்காரப் போட்டது அதைத்தான். யூலுடையது கிட்டத்தட்ட ஒரு மீட்டர் அகலம், தோல் போர்த்தியது. வைத்த அறையைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளும் சாமான். இன்று இரண்டையும் ‘டேனிஷ் மாடர்ன்’ என்ற ஒரே பெயரில் சேர்த்துச் சொல்கிறார்கள். அந்தக் காலத்து டென்மார்க்கில் அவை இரண்டு எதிர்க்கட்சிகள்.

இந்த ஆய்வு இரண்டாவது நாற்காலியைப் பற்றியது. எளிமை, பயன்பாடு, எல்லோருக்கும் எட்டும் விலை என்று ஸ்காண்டிநேவிய அறைகலனைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் எதற்குள்ளும் அது அடங்காது. எந்தத் தொழிற்சாலையும் அப்படியே எடுத்துச் செய்ய முடியாத ஒரு வரைபடம் அது. ஒரு பட்டறை அதை மரத்தில் கொண்டுவந்தது. பெயரும் புகழும் வரைந்தவருக்குப் போயின. அதில் பட்டறையின் பங்கு எவ்வளவு என்பதைத்தான் இங்கே பார்க்கிறேன்.

முதலில் அந்தக் கண்காட்சி. ஆலைப் பொருள்களின் போட்டி கழுத்தை நெரித்தபோது, கோபன்ஹேகன் தச்சர் சங்கம் 1927-இல் அதைத் தொடங்கியது. கைவேலைக்காரர்கள் மட்டும் சேர்ந்து நடத்திய சந்தையாகவே அது நின்றிருக்கலாம். ஆனால் வெகு சீக்கிரத்தில் ஒரு புதுப் பழக்கம் ஏற்பட்டது: ஒரு தச்சர், ஒரு கட்டடக் கலைஞர், இருவரும் ஜோடியாக வருவார்கள். 1933 முதல் வடிவமைப்புப் போட்டியும் சேர்ந்துகொண்டது. 1966-இல் நிற்கும்வரை ஆண்டுதோறும் நடந்தது. ஒன்றிரண்டு பிரதிகளுக்கு மேல் யாரும் செய்யத் துணியாத சாமான்களை அங்கே வைத்தார்கள்; விற்றால் லாபம், விற்காவிட்டால் பெயர். ஒரு தேசத்தின் அறைகலன் வரலாறு முழுவதுமே கிட்டத்தட்ட நாற்பது ஆண்டு அந்த மேடையில்தான் ஓடியது.

மேடையின் தத்துவ ஆசான் கோரெ கிளிண்ட். 1924-இல் அரசக் கலைக் கழகத்தில் அறைகலன் துறையைத் தொடங்கியவர். அவருடைய முறை அளவெடுப்பது: மனித உடலை அளப்பது, மடித்த சட்டையை அளப்பது, தட்டையும் கரண்டியையும் அளப்பது, அவை கச்சிதமாக அடங்கும்படி அலமாரி செய்வது. பழைய நல்ல வடிவங்களைத் தூக்கி எறியாமல் அவற்றைச் செதுக்கிச் சுத்தப்படுத்துவது. அவருடைய 1933-ஆம் ஆண்டு ‘சஃபாரி’ நாற்காலியின் மூலம் நம் பக்கத்தது: ரூர்க்கியில் இருந்த பிரிட்டிஷ் பொறியாளர் படை பயன்படுத்திய, கழற்றி மூட்டை கட்டும் முகாம் நாற்காலி. கிளிண்டின் மாணவர் பொர்கே மொகென்சனும் அதே வழிதான். ஸ்பெயினின் பழைய நாற்காலி ஒன்றை ஒட்டி அவர் 1958-இல் செய்த தடித்த தோல்வார் நாற்காலி, இந்த மரபின் மிகச் சிறந்த சாய்வு நாற்காலி என்பது என் கருத்து. சீஃப்டனைவிட அதில் நிம்மதியாகச் சாயலாம் என்றும் சொல்வேன்.

யூல் இந்தப் பள்ளியில் படித்தவரல்ல. 1912-இல் பிறந்தவர். கலை வரலாறு படிக்க ஆசைப்பட்டார். ஜவுளி மொத்த வியாபாரியான அப்பா அதற்குச் சம்மதிக்கவில்லை. கட்டடக் கலை படித்து, வில்ஹெல்ம் லாரிட்சன் அலுவலகத்தில் பத்தாண்டுக்கு மேல் வேலை பார்த்தார். கோபன்ஹேகன் வானொலி மாளிகை அந்த அலுவலகத்தின் பெரிய பணி. அறைகலன் செய்ய அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவர் பார்த்தது நாற்காலிகளை அல்ல, சிற்பங்களை: ஹான்ஸ் ஆர்ப், பார்பரா ஹெப்வொர்த், ஹென்றி மூர். கல்லிலும் வெண்கலத்திலும் அவர்கள் செய்த குழிவும் மேடும் உட்காருகிற பொருளில் ஏன் வரக்கூடாது என்பதே அவர் கேள்வி. கிளிண்ட் பள்ளிக்கு இது அபசாரமாகத்தான் பட்டிருக்கும்.

1937-இல் தன்னைவிட ஏறத்தாழ இருபது வயது மூத்த நீல்ஸ் வோடரோடு சேர்ந்து கண்காட்சிக்கு வந்தார். 1940-இல் ‘பெலிக்கன்’ என்ற உருண்டை திரண்ட நாற்காலியை வைத்தபோது, அது களைத்துப்போன வால்ரஸ் என்ற கடல் விலங்கு மாதிரி இருக்கிறது என்று விமர்சனம் எழுந்தது. மறு ஆண்டு ‘போயட்’ சோபா. இந்த இரண்டிலும் மரம் அதிகம் தெரியாது, எல்லாம் துணிக்கடியில். திருப்பம் 1945-இல் வருகிறது, ஆண்டின் பெயரையே தாங்கிய ‘45’ நாற்காலியில். மெத்தைப் பகுதியையும் மரச்சட்டத்தையும் யூல் தனித்தனியாகப் பிரித்துவிட்டார். தாங்குவது ஒன்று, தாங்கப்படுவது ஒன்று. இரண்டும் தொடும் இடம் கூடியமட்டும் குறைவாக, நடுவில் வெளிச்சம் தெரியும்படி. உட்காரும் பகுதி காற்றில் நிற்பது போல இருக்கும். அதன்பின் அவர் செய்த நல்ல நாற்காலிகள் எல்லாவற்றுக்கும் இதுதான் இலக்கணம். சீஃப்டன் அந்த இலக்கணத்தில் எழுதிய பெரிய வாக்கியம்.

சீஃப்டனை முன்னால் நின்று பார்த்தால் நான்கு துண்டுகள்: கேடயம் போல மேலே விரிந்து கீழே குறுகும் முதுகு, சேணம் போல ஓரம் வளைந்த இருக்கை, இரண்டு பக்கமும் அகன்ற, தோல் போர்த்திய கைப்பலகைகள். வாழை மட்டையை லேசாக விரித்துப் பிடித்தது மாதிரி அந்தக் கைகள் வெளிப்பக்கம் சரிந்து இறங்கும். ஒவ்வொரு துண்டும் மரச்சட்டத்தின் மேல் தனியாக உட்கார்ந்திருக்கிறது. ஒன்று இன்னொன்றோடு ஒட்டவில்லை. நம் ஈசிசேரில் கை என்பது காலை நீட்டிப் போட்டுக்கொள்ளும் நீளமான பலகை. இதில் கை என்பது அகலம். அதனால் நேராக மட்டும் உட்கார வேண்டியதில்லை. குறுக்கே திரும்பி, ஒரு காலைக் கையின் மேல் தொங்கவிட்டு, எதிர்ப்பக்கக் கையில் முதுகைச் சாய்த்து உட்காரலாம். ஒரே தோரணையில் மணிக்கணக்காக யாரும் உட்காருவதில்லை என்பது யூலுக்குத் தெரிந்திருக்கிறது. ஓர் உடலை ஒரு நிலையில் அளந்து செய்த நாற்காலி, அந்த உடல் புரண்டால் என்ன செய்யும்? கிளிண்டுக்கு இதைவிடக் கூர்மையான பதில் எழுத்தில்கூட வந்திருக்காது.

பக்கவாட்டில் நின்று பார்த்தால்தான் சட்டம் புரியும். பண்டைய எகிப்தின் நாற்காலிகளில், சாய்ந்த முதுகுக்குப் பின்னால் செங்குத்தாக ஒரு கட்டை எழும்பி முக்கோணமாகச் சேரும்; பாரத்தை அந்த முக்கோணம் வாங்கிக்கொள்ளும். யூல் அந்த உபாயத்தை எடுத்துக்கொண்டார். அதே கண்காட்சியில் அவர் வைத்த இன்னொரு நாற்காலிக்கே ‘எகிப்திய நாற்காலி’ என்றுதான் பெயர். ஆனால் எகிப்தியருடையது நேர்க்கோட்டு முக்கோணம். யூலுடையதில் ஒவ்வொரு கட்டையும் நடுவில் தடித்து நுனியில் மெலிகிறது, இணையும் இடத்தில் வீங்குகிறது, பிறகு திரும்புகிறது. வில், வேட்டைக் கருவி போன்ற பொருள்களின் கைப்பிடிகளில் காணும் வளைவு அது.

இங்கேதான் வோடர் வருகிறார். சாதாரண நாற்காலியில், ஒரு கட்டையின் நுனியில் செதுக்கிய கழுந்தும் அது நுழையும் துளையும் நேர்க்கோணத்தில் சந்திக்கும். கழுந்தைச் சுற்றியுள்ள விளிம்பான தோள் தட்டையாக உட்காரும். இயந்திரத்தில் ஒரே அளவில் ஆயிரம் வெட்டலாம். சீஃப்டனில் இரண்டு உருண்ட கட்டைகள் சாய்கோணத்தில் சந்திக்கின்றன. கழுந்தை வெட்டிப் பசை போட்டு இறுக்கியபின், இணைப்பைச் சுற்றியுள்ள மரத்தை உளியாலும் அரத்தாலும் கையால் இழைத்து, எங்கே ஒரு கட்டை முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியாமல் ஆக்க வேண்டும். கூடுதலாக இழைத்தால் இணைப்பு பலவீனமாகும். குறைத்தால் வடிவம் செத்துப்போகும். அந்த எல்லையை எந்த வரைபடமும் சொல்லாது. யூல் வரைந்தது நீர்வண்ணத்தில் அழகாகப் பூசிய காகிதம். அறைகலன் வரைபடங்களுக்கு நிறம் தீட்டுவது அவர் வழக்கம். வோடர் அதை வாங்கி, எந்த இடத்தில் எவ்வளவு மரம் நிற்க வேண்டும் என்று முடிவு செய்தார்.

மரத்தின் குணமும் வேலையைச் சுலபமாக்கவில்லை. போருக்குப் பிந்தைய டென்மார்க்கில் தேக்கைத் துணிந்து கையாண்ட முதல் வடிவமைப்பாளர்களில் யூல் ஒருவர். தேக்கில் சிலிக்கா இருப்பதால் உளி சீக்கிரம் மழுங்கும்; எண்ணெய்ப் பசை இருப்பதால் ஒட்டுப் பசை சரியாகப் பிடிக்காது. தேக்கைப் பரம்பரையாகப் பார்த்துவரும் நம் ஊர் ஆசாரிகளுக்கு இது புதுச் செய்தியல்ல. பீச்சும் ஓக்கும் இழைத்துப் பழகிய ஸ்காண்டிநேவியப் பட்டறைகள் இதைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. சீஃப்டன் தேக்கிலும் வால்நட்டிலும் ரோஸ்வுட்டிலும் செய்யப்பட்டது. எனக்குத் தேக்குதான் பிடிக்கும். ரோஸ்வுட்டின் ரேகை அவ்வளவு பேசுகிறது, வளைவு என்ன சொல்கிறது என்று கேட்கவிடாது.

கண்காட்சித் திறப்பு விழாவில் மன்னர் ஒன்பதாம் ஃபிரெடரிக் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அப்படியானால் இதற்கு ராஜா நாற்காலி என்று பெயர் வைக்கலாமே என்று பத்திரிகையாளர் ஒருவர் கேட்க, குலத்தலைவன் நாற்காலி என்றே இருக்கட்டும் என்று யூல் சொன்னதாகப் பெயர்க்கதை. அடக்கமா, சாமர்த்தியமா, தெரியவில்லை. வேட்டையும் வில்லும் மனதில் வைத்துச் செய்த நாற்காலிக்கு முடிசூடிய ராஜாவைவிடக் குலத்தலைவன் பொருத்தம்தான்.

பெயர் பரவியதே தவிர நாற்காலி பரவவில்லை. வோடர் பட்டறையிலிருந்து வெளிவந்த சீஃப்டன்கள் மொத்தமே நூறுக்கும் குறைவு. டென்மார்க்கின் தூதரகங்கள் சிலவற்றில் அது போய் உட்கார்ந்தது. நடுத்தர டேனியக் குடும்பத்தின் வரவேற்பறைக்கு அளவிலும் அது பொருந்தாது, விலையிலும் பொருந்தாது.

யூலைத் தூக்கி நிறுத்தியது அமெரிக்கா. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் எட்கர் காஃப்மன் ஜூனியர் 1948-இல் ‘இன்டீரியர்ஸ்’ இதழில் அவரைப் பற்றி எழுதினார். ஃபிராங்க் லாய்ட் ரைட் நீர்வீழ்ச்சி மேல் கட்டிய வீடு இந்தக் காஃப்மன் குடும்பத்துடையதுதான். பிறகு மிச்சிகனின் கிராண்ட் ராப்பிட்ஸிலிருந்த பேக்கர் நிறுவனம் யூலை அணுகியது. 1951-இல் அவர் வரைந்த வரிசை அங்கே வெளிவந்தது. இந்த இடம் நிகழ்வின் கணு. பேக்கருடையது பெரிய ஆலை, நல்ல ஆலை. ஆனால் கடைசி வளைவை முடிவு செய்யும் வோடரின் கை அங்கே இல்லை. இயந்திரம் வெட்டிய துண்டுகள் பிழையில்லாமல் வரவேண்டுமானால், வரைபடமே இயந்திரத்துக்கு இணங்க மாற வேண்டும். யூல் மாற்றினார். பேக்கர் வரிசை அழகானது, உறுதியானது. சில துண்டுகள் இன்றும் மேசை நாற்காலிப் பிரியர்களுக்குப் பொக்கிஷம். வோடர் செய்ததன் பக்கத்தில் வைத்தால் இணைப்புகளில் கொஞ்சம் கட்டுப்பாடு தெரியும், அந்த வீக்கமும் மெலிவும் சற்று அடங்கியிருக்கும். அதைக் குறை என்று சொல்லமாட்டேன். இரண்டும் வெவ்வேறு பொருள்கள் என்பதே சரி.

டென்மார்க்கிலும் அவர் ஆலைகளுக்கு வரைந்தார். பொவிர்க்கெக்குச் சில, பின்னால் பிரான்ஸ் அண்ட் சன் ஆன நிறுவனத்துக்குச் சில. தேக்கு நாற்காலிகளைப் பிரித்துப் பெட்டியில் அடுக்கிக் கப்பலேற்றும் தொழிலை அந்த நிறுவனம்தான் பெரிதாக வளர்த்தது. அமெரிக்கா, பிரிட்டன் வீடுகளில் ‘டேனிஷ் தேக்கு நாற்காலி’ என்று குடியேறியது பெரும்பாலும் இந்தப் பெட்டிச் சரக்குதான். ‘ஜப்பான்’ நாற்காலியும் ‘ஸ்பேட்’ நாற்காலியும் அந்த வகை. முதுகும் இருக்கையும் சட்டத்திலிருந்து விலகி நிற்கும் அதே இலக்கணம், ஆனால் எளிய இணைப்புகளோடு. சீஃப்டனின் கருத்து மலிவாக ஊர் சுற்றியது இந்த உருவத்தில்தான். பழைய சாமான் சந்தையில் இன்றைக்கும் நியாயமான விலைக்குக் கிடைக்கும் யூல் நாற்காலி வேண்டுமென்றால் இந்தப் பக்கம் தேடுவது புத்திசாலித்தனம்.

அதே சமயம் ஐ.நா. தலைமையகத்தின் மூன்று சபை மண்டபங்களை மூன்று ஸ்காண்டிநேவியரிடம் ஒப்படைத்தார்கள். பாதுகாப்பு அவை நார்வேயின் ஆர்ன்ஸ்டைன் ஆர்னெபெர்குக்கு, பொருளாதார சமூக அவை ஸ்வீடனின் ஸ்வென் மார்கெலியஸுக்கு, பொறுப்பாட்சி அவை யூலுக்கு. கூரையில் வண்ண வண்ணப் பெட்டிகள் தொங்கும் மண்டபம் அது. இன்னும் சுதந்திரம் பெறாத பகுதிகளின் ஆட்சியை மேற்பார்வை செய்வது அந்த அவையின் வேலை; அவற்றில் கடைசியான பசிபிக் தீவுநாடு பலாவு 1994-இல் சுதந்திரம் பெற்றதும் அதற்கு வேலையே இல்லாமல் போனது. மண்டபம் மட்டும் 2013-இல் புதுப்பிக்கப்பட்டு வேறு கூட்டங்களுக்குப் பயன்படுகிறது.

பிறகு சரிவு. 1960-களின் நடுவில் பிளாஸ்டிக்கும் நுரையும் பளிச்சென்ற நிறமும் வந்தன; தேக்கு அலுத்துவிட்டது. தச்சர் சங்கக் கண்காட்சி நின்றது. ஒரு தலைமுறைக்கு யூல் ஏறக்குறைய மறக்கப்பட்டார். 1982-இல் கோபன்ஹேகனில் பெரிய மறுபார்வைக் கண்காட்சி ஒன்று நடந்தது. 1989-இல் அவர் இறந்தார்.

மறுவாழ்வு ஒரு சோபாவில் தொடங்கியது. அவருடைய துணைவியார் ஹன்னே வில்ஹெல்ம் ஹான்சன் 1990-களின் கடைசியில், ஒரு கண்காட்சிக்காக 1957-ஆம் ஆண்டு சோபாவைச் செய்து தரச் சொல்லி, ஜட்லாந்தின் ரிங்கெபிங்கில் இருந்த சின்ன நிறுவனம் ஒன்றை அணுகினார். வேலை பிடித்துப்போய், 2001-இல் யூலின் மொத்த அறைகலன்களையும் செய்யும் உரிமையை அவர்களுக்கே கொடுத்தார். அதுவே இன்றைய ‘ஹவுஸ் ஆஃப் ஃபின் யூல்’. சீஃப்டன் இப்போது அங்கேதான் தயாராகிறது. வோடர் கையால் கண்டுபிடித்த வளைவுகளைக் கணினி வழி அறுக்கும் இயந்திரம் இன்று பெருமளவு வெட்டித் தந்துவிடுகிறது. அதற்குமேல் கைவேலை. 1949-இல் ஆலைக்கு எட்டாதது அரை நூற்றாண்டு கழித்து எட்டியது, ஆனால் மலிவாக அல்ல.

கோபன்ஹேகனுக்கு வடக்கே ஓர்ட்ரூப்பில், 1942-இல் யூல் தனக்காகக் கட்டிக்கொண்ட வீடு இருக்கிறது. பக்கத்திலுள்ள அருங்காட்சியகத்தோடு சேர்ந்து 2008 முதல் பார்வைக்குத் திறந்திருக்கிறது. அங்கே கணப்புக்கு அருகே சீஃப்டன் போட்டிருப்பதைப் படத்தில் பார்த்தாலும் ஒன்று விளங்கும்: கண்காட்சி மேடையில் ஆடம்பரமாகத் தெரிந்தது, தாழ்ந்த கூரை, நல்ல வெளிச்சம், சுவரில் நவீன ஓவியம் என்ற சூழலில் வீட்டுச் சாமானாகவே தெரிகிறது. ஜப்பானியர்களுக்கு இந்த வீட்டின் மேல் அப்படி ஒரு காதல். தக்காயாமாவில் 2012-இல் அதன் பிரதியையே கட்டிவிட்டார்கள்.

பழைய வோடர் சீஃப்டன்களின் விலையைச் சாமானியர் பேச வேண்டியதில்லை. 2013-இல் லண்டன் ஏலம் ஒன்றில் ஒரு நாற்காலி 4 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. அவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் எதை வைத்து அடையாளம் காண்கிறார்கள் என்பது மட்டும் இந்த ஆய்வுக்கு முக்கியம். முதலில் நாற்காலியைக் கவிழ்ப்பார்கள். சட்டத்தின் அடியில் சூட்டு முத்திரை இருக்கும்: நீல்ஸ் வோடர், தச்சர், கோபன்ஹேகன். அதற்கடுத்துதான் வடிவமைப்பு ஃபின் யூல் என்று வரும். அடுத்து இணைப்புகளைப் பார்ப்பார்கள். பிளந்து மறுபடி ஒட்டிய தடம் உண்டா, மெருகேற்றுகிறேன் என்று யாரோ உப்புத்தாள் போட்டு வளைவைத் தேய்த்துவிட்டார்களா என்று. தோல் மாற்றியிருந்தால் விலை இறங்கும். பழைய தோல் வெடித்திருந்தாலும் பலர் அதையே விரும்புகிறார்கள். மரம் பிரேசில் ரோஸ்வுட் என்றால் வேறு தலைவலி. நம் ஈட்டி மரத்தின் நெருங்கிய உறவான அந்த மரம் 1992 முதல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. காகிதம் இல்லாமல் நாற்காலி எல்லை தாண்டாது. இன்னொரு சின்னப் பொறி: ஆர்னே வோடர் என்ற வடிவமைப்பாளர் யூலிடம் படித்தவர், வேறு ஆள். விற்பனை விளம்பரங்களில் இரண்டு வோடர்களும் ஒருவராகிவிடுவது உண்டு.

போலிகள் நிறைய. பிரிட்டனில் 2016 ஜூலை வரை, ஆலையில் பெருக்கிய கலைப் பொருளுக்குச் சந்தைக்கு வந்ததிலிருந்து 25 ஆண்டுகள்தான் பதிப்புரிமை என்று ஒரு சட்டப் பிரிவு இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு பிரதி விற்றவர்கள் ஏராளம். அந்தப் பிரிவு நீக்கப்பட்டதும், படைத்தவரின் ஆயுளும் அதற்குப்பின் 70 ஆண்டும் என்ற பொதுக் கணக்கு நாற்காலிக்கும் வந்தது. யூல் இறந்தது 1989. ஆக 2059 முடியும்வரை ஐரோப்பாவில் சீஃப்டனின் வடிவம் அவருடைய உரிமைதாரர்களுக்குச் சொந்தம். கழுந்தைச் சுற்றி எவ்வளவு மரம் நிற்க வேண்டும் என்று முடிவு செய்த பட்டறைக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. அதன் பெயர் இருப்பது மரச்சட்டத்துக்கு அடியில் உள்ள அந்தச் சூட்டு முத்திரையில் மட்டும்.